வாசலில் கிடந்த செருப்பும் என் மகள் பார்த்த படமும்

வாசலில் என் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்துத்தான் என் மகள் எஸ்தர் வீட்டை விட்டு ஓடினாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இதைச் சொன்னால் முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை கேளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. புக்கிட் பாத்தோக்கில் புது அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்த சமயம். என் கணவர் தேவசகாயம் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு லாரி ஓட்டினார். பிறப்பில் கிறிஸ்தவர்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு சபைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கூப்பிட்டால், "நீ போ லா செல்வி. எனக்கும் சேத்து நீயே ஜெபம் பண்ணிட்டு வா" என்பார். அவருக்காக நான் அழாத நாள் இல்லை. அழுது அழுது எனக்கே அலுத்துப்போயிருந்தது.

அப்போதுதான் அவர் கடைக்குப் பக்கத்திலேயே, தேக்காவில் இருந்த எங்கள் சபையில் ஒரு படம் போடப்போவதாக அறிவித்தார்கள். கடைசிக் காலத்தைப் பற்றிய வெள்ளைக்காரர் படம். ஆண்டவர் இரகசியமாக வந்து தம் பிள்ளைகளை ஒரு நொடியில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், மற்றவர்கள் கைவிடப்பட்டுத் தவிக்கிறார்கள் என்பது கதை. திகில் படம் மாதிரி எடுத்திருக்கிறார்கள், பார்த்தவன் மனந்திரும்பாமல் வீடு போகமாட்டான் என்றார்கள். குடும்பத்தோடு வரலாம் என்றும் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு இதுதான் சரியான மருந்து என்று நினைத்தேன். மனிதர் அன்றைக்கென்று பந்து விளையாட்டு பார்க்கக் கிளம்பிவிட்டார். நானும் எஸ்தரும் மட்டும் போனோம்.

சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓட்டினார்கள். எங்கள் சபை அண்ணன் ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். படத்தைவிட அவர் குரல்தான் அதிகம் நடுங்கவைத்தது. ஒரு காட்சியில் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. அடுப்புக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு. ஆளைக் காணோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பிள்ளை, அம்மா அம்மா என்று வீடு முழுக்கத் தேடுகிறது. "தாய் எடுத்துக்கொள்ளப்பட்டாள்! பிள்ளை கைவிடப்பட்டது!" என்று அண்ணன் முழங்கினார். எஸ்தர் என் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரியவர்கள் எல்லாரும் கண்ணீரோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு நான் குளிக்கப் போனாலும் அவள் கதவைத் தட்டுவாள். "அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டி. நான் எங்க போவேன்?" என்பேன். ஏதோ விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவள் ஓடிப்போன அன்று மதியம். இரண்டு வீடு தள்ளியிருந்த பாத்திமா அக்கா வீட்டில் விசேஷம். பலகாரம் சுடக் கை கொடுக்கக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டா போவோம்? வெறுங்காலோடு போனேன். வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இஸ்திரி போட எடுத்த சேலை நாற்காலியில் கிடந்தது. பாத்திமா அக்கா வீட்டு மிக்சி போட்ட சத்தத்தில் எஸ்தர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குக் கேட்கவில்லை, கூப்பிட்டதும் கேட்கவில்லை.

திரும்பி வந்தால் நடுக்கூடத்தில் அவள் புத்தகப் பை. பிள்ளை இல்லை. கீழே விளையாட்டுத் திடலில் பார்த்தேன். மளிகைக் கடையில் பார்த்தேன். பள்ளிக்கூட வாசல்வரை ஓடினேன். யாரோ ஒரு பிள்ளை அழுதுகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு ஓடியதைப் பார்த்ததாகக் கீழ்வீட்டுச் சீனப் பெண் சொன்னாள். எந்தப் பஸ்? எந்தத் திசை? எவன் கையில் போய் மாட்டினாளோ?

மேலே ஓடிவந்து வாசலிலேயே முழங்கால் போட்டேன். எதிரே என் செருப்பு. உள்ளே சோறு தீயும் வாடை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பிள்ளை அந்தப் படத்தைத் தன் வீட்டிலேயே பார்த்துவிட்டாள்.

"ஆண்டவரே, இத்தன வருஷம் என் புருஷனக் கேட்டேன். இன்னைக்கு அவரக் கேக்கல. என் பிள்ளைய மட்டும் குடுத்துடுங்க" என்று கதறினேன். பாத்திமா அக்கா என் பக்கத்தில் நின்று, தம் முறைப்படி கைகளை ஏந்தினார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. அக்கா வீட்டுப் போன்தான் எங்களுக்கும். கண்ணீரைத் துடைக்கும் முன்பே அது அடித்தது. அக்கா ஓடிப்போய் எடுத்தார்.

"செல்வி, ஓடியா! ஒன் வீட்டுக்காரரு!"

"பிள்ள எங்கிட்டதான் இருக்கு" என்றார் அவர். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். என் கணவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் அந்நேரம் கடைக்கு வெகுதூரத்தில், ஜூரோங்கில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்க வேண்டியவர். ஒருநாளும் மக்கர் செய்யாத லாரி அன்று கிளம்பவே மாட்டேன் என்றது. கையெல்லாம் கிரீஸோடு கடை வாசலில் நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சபைக்குப் போகும் அதே பஸ்ஸில் போய் இறங்கிய எஸ்தர் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"தனியா எதுக்கும்மா இங்க வந்த?"

"அம்மாவ ஏசப்பா கூட்டிட்டுப் போயிட்டாருப்பா. செருப்பு மட்டும் கெடக்கு. நீங்க இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்கதான் போகமாட்டீங்களே."

அன்று மாலை இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. "திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன், செல்வி. அது என்னை நம்பி வந்து சொல்லிச்சு. கைவிடப்பட்டவங்கள்ல அப்பா கண்டிப்பா இருப்பாருன்னு நம்பி வந்துச்சு" என்றார். எனக்குப் போன் செய்துவிட்டுப் போய்ச் சாவியைத் திருப்பினாராம். யாரும் கை வைக்காத லாரி ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. இன்றைக்கும் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. என் பிள்ளை வந்து சேரும்வரை ஒரு லாரியைப் பிடித்து நிறுத்திவைத்த கை எவ்வளவு பெரிய கை!

அடுத்த ஞாயிறு நான் கூப்பிடவில்லை. அவரே சட்டை மாற்றிக்கொண்டு, "எந்தப் பக்கம் போனாலும் பிள்ளையோட போகணும்" என்றார். அன்றிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறார். நான் கேட்டது ஒன்று. ஆண்டவர் கொடுத்தது இரண்டு.

அந்தப் படம் இப்போதும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று தாய்மார் என்னிடம் கேட்கிறார்கள். படத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பெரியவர்கள் போய்ப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் வேண்டாம். ஆண்டவர் வரப்போகிறார் என்பதை, வேலை முடிந்து அப்பா வீடு திரும்பும் செய்திபோல அவர்களுக்குச் சொல்லுங்கள். கேட்டால் பிள்ளை வாசலுக்கு ஓடவேண்டும், கட்டிலுக்கடியில் ஒளியக் கூடாது.

எல்லாம் போய்விட்டது என்று நினைத்த நேரத்தில் என் மகள் நேரே அப்பாவிடம் ஓடினாள். அப்பா அங்கே இருந்தார். கலங்கியிருக்கும் சகோதர சகோதரிகளே, நீங்களும் அப்படியே ஓடிவாருங்கள். நம் பரம தகப்பன் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வந்தால் வாசலைப் பாருங்கள். என் செருப்புக்குப் பக்கத்தில் கிரீஸ் கறை படிந்த ஒரு பெரிய ஜோடி கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வாயில் வருவது ஸ்தோத்திரம் மட்டும்தான்.