ஸ்டாப்பரில் மாட்டிய வயர் கூடை

போன வாரம் என் கார் எனக்கு உத்தரவு போட்டது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடை முடித்து வந்து பொத்தானை அழுத்தினால் கிளம்பாமல், பிரேக்கை மிதிக்கவும் என்று திரையில் எழுதிக் காட்டியது. மிதித்தேன், கிளம்பிவிட்டது. சுற்றி ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் குறை. ஒரு வண்டி மக்கர் செய்தால் பத்துப் பதினோரு பேர் கூடி ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டாமா?

அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணி லாரி விட்ட டீசல் புகை மூக்கில் ஏறியது. அந்த வாசனைக்கு எனக்கு ஜெபராஜ் ஞாபகம்தான் வரும். உங்களிடம் சொல்வதற்கென்ன, என்னைப் பெண் பார்க்க வந்தவர்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா திருநெல்வேலிக்காரர், இன்ஜின் பூட்டுவதில் இருபது வருஷ சர்வீஸ். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட்டு நட்டுக் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். பெயர்தான் கிளார்க், பாதி நாள் கம்பெனி பிக்கப்பில் டிரைவர் பக்கத்தில் குலுங்கிக்கொண்டு சரக்கு இறக்கப் போவேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மாப்பிள்ளை வீட்டாருக்குக் கரையான்சாவடியில் ஹார்டுவேர் கடை. கடையின் கிழட்டு பிக்கப்பிலேயே வந்து இறங்கினார்கள், பின்னால் நாற்காலி போட்டு நான்கு அத்தைமார். ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா முதல் காரியமாக என் வேலைக்கு வேட்டு வைத்தார்.

"எங்க ஊட்டுக்கு வந்தா வேலைக்கில்லாம் போவ வாணாம்மா. ஊட்ல இன்னா கொறச்சல் கீது?"

கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஜெபராஜ் தன் பங்குக்கு, "வண்டின்னா நம்ம கைல நாய்க்குட்டி மாறி, அங்கிள்" என்றார். அம்மா அன்றைக்கே தேதி குறிக்கத் தயார். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகப் புறப்பட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். நாங்கள் கொடுத்த முறுக்கு இருந்த வயர் கூடையை டாஷ்போர்டில் நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றில் மாப்பிள்ளையின் அம்மா மாட்டினார். மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். இன்ஜின் கிர் கிர்ரென்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினார், ஊஹும்.

குவார்ட்டர்ஸே திரண்டுவிட்டது. டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டது என்றார் ஒருவர். ஃபில்டர் அடைப்பு என்றார் அடுத்தவர். பேட்டரிதான் என்று சத்தியம் செய்தார் மூன்றாமவர், ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றும்போதே. தேசத்துக்கே டாங்கி செய்து கொடுக்கிறவர்கள் அந்தக் குப்பை வண்டியிடம் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் பெண்கள் கூடையை வண்டியிலேயே விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வந்து இரண்டாம் காபி குடித்து, பேச்சு கல்யாணப் புடவைவரை போய்விட்டது. இன்னும் அரைமணி நேரம் இருந்தால் என் வேலை போய்விடும்.

கடைசியாக, மாப்பிள்ளையும் இறங்கி பானெட் பக்கம் போனதும், அப்பா எழுந்து போனார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார், சாத்தினார்.

"தள்ளித்தான் பாக்கணும். ஆம்பளைங்க எல்லாரும் பின்னால போங்க. மாப்ள, நீங்களும்தான். ஏட்டி, நீ ஏறி உக்காரு."

"பட்டுச்சேலையோடயா?" என்று அம்மா அலறினாள்.

"பட்டுச்சேல கட்டுனா கால் எட்டாதோ?"

ஏறினேன். வயர் கூடை சீட்டில் இருந்தது. எதிரே ஸ்டாப்பர் முழுசாக வெளியே இழுத்தபடி கிடந்தது. அந்தக் கால டீசல் வண்டி சாவியைத் திருப்பினால் நிற்காது. இந்தக் குமிழை இழுத்தால்தான் டீசல் அடைபட்டு நிற்கும். திரும்ப உள்ளே தள்ளாவிட்டால், இயேசுவின் இரண்டாம் வருகைவரை சுற்றினாலும் கிளம்பாது. காலையில் ஜெபராஜின் மாமா ஸ்டார்ட் செய்து அவர் கையில் கொடுத்திருக்கிறார். நிறுத்த மட்டும் சொல்லிக்கொடுத்தாராம்.

தள்ளினேன், சாவியைத் திருப்பினேன். பின்னால் கைவைக்கக் குனிந்திருந்த பதினோரு பேர் சட்டையிலும் கரும்புகை.

"ஸ்டாப்பர உள்ள தள்ளணுங்க" என்றேன், ரொம்ப மரியாதையாக. மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் எங்கள் சர்ச் பாஸ்டரம்மா வந்து, "பொண்ணு நல்ல பொண்ணுதானாம், கொஞ்சம் வெவரம் ஜாஸ்தின்றாங்க" என்றார். அம்மா அழுதாள். நான் ரெண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். பிற்பாடு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒரு நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டு அதே கம்பெனியில் ரிட்டயர் ஆனேன்.

இப்போது ஸ்டாப்பரும் இல்லை, பானெட்டுக்குள் தலையை விடும் கும்பலும் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் பிரேக்கில் கால் வைத்தபடியேதான் எனக்கு உறைத்தது. அந்தம்மா கூடையை மாட்டியது அந்த ஸ்டாப்பரில்தான். நான் ஏறும்போது அது சீட்டில் இருந்தது. நடுவில் வண்டிக்குள் போன தலை அப்பாவுடையது மட்டும்தான். கூடையை எடுத்து வைத்த மனுஷன் ஸ்டாப்பரைத் தள்ளாமல் வந்து என்னை ஏறச் சொல்லியிருக்கிறார்.

அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. அவர் இருந்து நான் கேட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். "ஏட்டி, வண்டி கெளம்பிட்டுல்லா?" என்று மட்டும் கேட்டிருப்பார்.