சூடான பனி, குளிர்ந்த தண்ணீர்

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர், வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறார். பேரையூர்ப் பக்கம் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். அவர் ஆய்வு செய்வதோ வடதுருவத்துக் கடல்பனி.

செயற்கைக்கோள் அந்தக் கடலிலிருந்து வரும் நுண்ணலைகளை அளந்து அனுப்பும். அவர் ஒவ்வொரு நாளின் வரைபடத்தையும் கணினியில் பார்த்து, இரண்டு இடங்களின் அளவைத் தனித்தாளில் பென்சிலால் குறித்து வைப்பார்: ஒன்று பனி, ஒன்று தண்ணீர். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், மொத்தம் நாற்பத்திரண்டு பக்கம். அவர் தேர்வுப் பணிக்குப் போன வாரத்தில் அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு.

முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். பனி இருநூற்று நாற்பது கெல்வின். தண்ணீர் நூற்று முப்பது. தண்ணீரைவிடப் பனி சூடா? பாவம், அசதியில் மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். மதுரை வெயிலில் இருந்துகொண்டு வேறு எப்படி நினைப்பது? பனியின் எண் அதிகமாக இருந்த பக்கங்களில் எல்லாம் இரண்டு எண்களையும் அழித்து, இடம் மாற்றி, அவர் கையெழுத்தைப் போலவே எழுதினேன். ஏற்கெனவே பனியின் எண் குறைவாக இருந்த சில பக்கங்களைத் தொடவில்லை. எந்தப் பக்கங்கள் என்று என் ஆய்வக நாட்குறிப்பில் எழுதவில்லை. ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்று மட்டும் இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் திரும்பி வந்தவர் தாள்களைப் புரட்டினார். முகம் மாறியது.

“அண்ணே, இதுல கை வச்சீங்களா?”

“தப்பா இருந்துச்சு மேடம். சரி பண்ணுனேன்.”

“தப்பில்லண்ணே. அது தொட்டுப் பாக்குற சூடு இல்ல. எம்புட்டு நுண்ணலை விடுதுங்கிற கணக்கு. பனி நிறைய விடும், தண்ணி கம்மியாத்தான் விடும்.”

“அப்ப பெரிய எண்ணெல்லாம் பனின்னு மாத்திரட்டுமா?”

“அதுலதான சிக்கலே. கோடைல பனி உருகி மேல தண்ணி கட்டி நிக்கும். மிஷின் பனியையே தண்ணின்னு நம்பிரும். அப்படி ஏமாந்த நாளுகதான் என் அத்தியாயமே. நாளைக்குக் காலைல குடுக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவ தவணை வாங்கியாச்சு. இப்ப எந்த நாளு ஏமாந்த நாளு, எது நீங்க பண்ணுன நாளு?”

எனக்குத் தெரியவில்லை. இப்போது நாற்பத்திரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. எல்லாவற்றிலும் பனி குறைவு.

எல்லா வரைபடங்களையும் மறுபடி இறக்கிப் பார்க்க இரண்டு நாள் ஆகும். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அழித்த இடத்தில் தாளின் மினுமினுப்புப் போயிருக்கும்.

“இம்புட்டு சுத்தமா அழிக்க எங்கண்ணே படிச்சீங்க?” என்றார். அவர் சிரிக்கவில்லை.

ஐந்து மணிக்கு அழிக்காத தாள்கள் நான்கு என்று எடுத்துக் கொடுத்தேன். அந்த நான்கு நாட்களின் வரைபடங்களை மட்டும் அவர் இறக்கினார். மூன்று தாளோடு ஒத்துப்போயின. நான்காவது நாளில் பனி இருநூற்று முப்பத்தொன்று, தண்ணீர் நூற்று நாற்பத்தாறு. தாளில் தலைகீழ். அதுவும் நான் மாற்றியதுதான்.

“மூணு போதும், அத வச்சே எழுதுறேன்” என்று கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விளாங்குடி வீட்டுக்குப் பேருந்தில் போகும்போதும் எத்தனை பக்கம் மாற்றினேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே போனேன். மறுநாள் அவர் அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டார். அந்த நான்காவது தாளை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். காலை வெயிலில், டியூப் லைட்டில், லென்ஸ் வைத்தும் பார்த்துவிட்டேன். அழித்த தடம் எங்கே என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.