பதினேழாவது கூற்று

"பதினாலு. 'மாணவர்களின் பெற்றோர் என்னை மதிக்கிறார்கள்.' போடுங்க, போடுங்க. பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது சார்."

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் காலை எட்டு மணி பஸ் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகிறது. ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கம்பியில் முதுகைச் சாய்த்து, ஒரு கையில் தாளும் ஒரு கண் கைக்கடிகாரத்திலுமாக நிற்கிறார் வெற்றிச்செல்வி. எதிரே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரும் ஆசிரியர்கள். எல்லோர் மடியிலும் பரீட்சை அட்டை, அட்டையில் ஒரு படிவம், நூலில் கட்டித் தொங்கும் ஒரு பேனா. பேனாவை ஏன் கட்டினார் என்றால், முதல் வாரத்தில் இருபத்திரண்டு பேனாக்கள் கீழப்பழுவூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்த் திரும்பி வரவில்லை.

ஒரு கூற்றுக்கு முப்பது விநாடி. அதற்கு மேல் யோசித்தால், "மனசுல மொதல்ல என்ன தோணுதோ அதைப் போடுங்க மேடம், இதுக்கெல்லாம் நோட்ஸ் எடுக்க முடியாது" என்பார். கூற்றுக்கு எதிரே ஐந்து கட்டங்கள். இடது ஓரத்தில் 'அறவே உடன்படவில்லை', வலது ஓரத்தில் 'முழுவதும் உடன்படுகிறேன்', நடுவில் எல்லோருக்கும் பிடித்த 'கருத்து இல்லை'.

வெற்றிச்செல்விக்கு நாற்பத்தோரு வயது. கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருடம் கணக்கு டீச்சர். பெரம்பலூர் வட்டாரத்தில் பி.எட். கல்லூரி ஒன்றை நடத்துகிறவர் ஒருநாள், "எம்.எட். முடிச்சுட்டு வாங்கம்மா, விரிவுரையாளர் நாற்காலி உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த நாற்காலியை நம்பி இந்த நாற்காலியை விட்டுவிட்டு எழுந்து வந்தார். எழுந்த மறுநாளே இந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தும் விட்டார்.

எம்.எட். பட்டம் என்பது ஏதோ படித்து எழுதிப் பாஸ் செய்வது என்றுதான் அவர் நினைத்திருந்தார். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. எண்பது சதவீதம் வருகை வேண்டும். இரண்டு முறை பயிற்சிக்குப் போக வேண்டும். ரெக்கார்டு நோட்டுகள் ஒன்பது. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கமும் பச்சை மையில் கோடு. கோடு கோணினால் கையெழுத்து கிடையாது. தெர்மாகோலில் ஒரு மனித மூளை. அது பஸ்ஸில் வரும்போது இரண்டாகப் பிளந்து, பாதி மூளையோடு செய்முறைத் தேர்வுக்குப் போனார். இத்தனையும் தாண்டிய பிறகு ஆய்வேடு. அதற்குப் பிறகு வாய்மொழித் தேர்வு. சேர்ந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் எல்லாம் முடியாவிட்டால், செய்தது அத்தனையும் வீண். வழிகாட்டிப் பேராசிரியர் ராஜராஜன் இரண்டு தடவை தலைப்பை மாற்றியதில் ஒரு வருடம் ஓடிவிட்டது. இப்போது நடப்பது மூன்றாம் வருடம்.

தலைப்பு, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் மன அழுத்தம். இருநூறு ஆசிரியர்கள் படிவம் நிரப்பித் தர வேண்டும். முதலில் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். சிலர் நாற்பது கூற்றுக்கும் ஒரே கட்டத்தில், நாற்று நட்ட மாதிரி நேராக டிக் போட்டுத் தந்தார்கள். ஒரு படிவம் வடையின் எண்ணெயோடு வந்தது. அதற்குப் பிறகுதான் டிக்டேஷன் முறை. காலையில் பஸ்ஸில் அகப்படுகிற ஆசிரியரால் எங்கே ஓட முடியும்? மூன்று காலை பஸ்கள், இரண்டு மாதம். எந்த பஸ்ஸாக இருந்தாலும் ஊர் எல்லைப் பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் முதல் கூற்று, அரியலூர் நெருங்கும்போது நாற்பதாவது.

நடத்துநர் சாமிதுரை அவருக்கு உதவியாளர் மாதிரி ஆகிவிட்டார். டிக்கெட் கொடுக்கும்போதே, "சாருக்கு என்ன வேலை? வாத்தியாருங்களா? முன்னால போங்க, டீச்சர் பரீட்ச வைக்கிறாங்க" என்று அனுப்பி வைப்பார். ஒருநாள் ஆட்டு வியாபாரி ஒருவர் தானாக வந்து படிவம் கேட்டார். நீங்கள் ஆய்வு மாதிரியில் வரமாட்டீர்கள் என்று வெற்றிச்செல்வி எடுத்துச் சொன்னார். "ஏம்மா, வாத்தியாருக்குத்தான் மன அழுத்தமா? எனக்கு இல்லையா? நாலு ஆடு கொட்டாய விட்டுப் போயி ரெண்டு நாளு ஆச்சு" என்று அரியலூர் வரைக்கும் சண்டை பிடித்தார்.

வீட்டிலும் அந்த ஐந்து கட்டம்தான். "கொழம்பு எப்படிங்க?" என்று கேட்டால் கணவர் நல்லதம்பி, "உடன்படுகிறேன்" என்பார். அவர் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற விவசாயி. பத்தாவது படிக்கும் மகள் பிரவீணாவோ தட்டைத் தள்ளி வைத்து, "கருத்து இல்லை" என்று எழுந்து போவாள். வெற்றிச்செல்வி கோபப்பட மாட்டார். மனத்துக்குள் சராசரி எடுப்பார்.

இருநூறு படிவமும் சேர்ந்தன. எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது கூற்றுகள் வழக்கம்போல நடுக்கட்டத்தில் குவிந்து கிடந்தன. பதினேழாவது மட்டும் வேறு மாதிரி. 'இந்த வேலையை விட்டுவிடலாம் என்று எனக்குத் தினமும் தோன்றுகிறது.' இருநூற்றில் நூற்று அறுபத்து மூன்று பேர், 'முழுவதும் உடன்படுகிறேன்.'

பேராசிரியர் ராஜராஜன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்னம்மா இது! புதையல்மா! இத்தன வருஷத்துல எனக்கு இப்படி ஒரு முடிவு வந்ததே இல்ல." அன்றைக்கே ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினார். ஆய்வேடு நான்கு பிரதி, மெரூன் ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. நன்றியுரையில் சாமிதுரையின் பெயரும் அச்சில் வந்தது. அவர் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து டிப்போ முழுக்கக் காட்டினார்.

வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, மோட்டார் சாமான் வாங்க அரியலூருக்குக் கிளம்பிய நல்லதம்பி, வெற்றிச்செல்வி போகும் அதே பஸ்ஸில் ஏறினார். மனைவிக்குத் தேர்வு பயம் தெளியட்டும் என்று, "எங்க, எனக்கும் ஒரு பரீட்ச வையி" என்று கேட்டார். மிச்சம் கிடந்த படிவம் ஒன்றைக் கொடுத்து, பெட்ரோல் பங்கு தாண்டியதும் வெற்றிச்செல்வி பழக்கப்படி வாசித்தார். பதினேழு என்றதும் பஸ் தூக்கிப் போட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்காகப் போட்ட வேகத்தடை அது. வெள்ளைக்கோடெல்லாம் அழிந்து, ஓட்டுநர் உட்பட யாரும் மதிக்காத வேகத்தடை. நல்லதம்பியின் பேனா முதல் கட்டத்தில் தொடங்கி, ஐந்தாவது கட்டத்தைத் தாண்டி, வேட்டியில் போய் நின்றது.

"இந்தா செல்வி, நா விவசாயத்த வுடுறேன்னு எப்ப சொன்னேன்? இது தானா போவுது பாரு."

வெற்றிச்செல்வி வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை பழைய படிவங்களை வீட்டில் பரப்பிப் பார்த்தார். ஆசிரியர்கள் போடும் டிக்குக்கு எப்போதுமே வால் நீளம். பதினேழில் மட்டும் அந்த நூற்று அறுபத்து மூன்று வாலும் ஐந்தாவது கட்டம் வரை ஓடியிருந்தன. வால் முடிந்த கட்டத்தைத்தான் இவர் எண்ணியிருக்கிறார். முப்பது விநாடிக்கு ஒரு கூற்று, எல்லா பஸ்ஸும் ஒரே ஓட்டம், ஒரே வேகத்தடை. விநாடி பிசகாமல் வேலை செய்ததுதான் அவர் செய்த தப்பு.

அதையும் உறுதி செய்துகொள்ளாமல் விடவில்லை. மறுநாள் சாமிதுரையிடம் சொல்லி, வேகத்தடைக்கு முன்பாக ஒரு நிமிடம் பஸ்ஸை நிறுத்தச் செய்தார். நின்ற பஸ்ஸில் பன்னிரண்டு ஆசிரியர்களுக்குப் பதினேழை மட்டும் வாசித்தார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் அழகாக, வால் நீட்டாமல், 'கருத்து இல்லை.'

மூன்று நாள் அதையே கூட்டிக் கழித்துப் பார்த்தார். சொன்னால் ஆய்வேடு போச்சு, மூன்று வருடம் போச்சு, இரண்டு நாற்காலியும் போச்சு. சொல்லாவிட்டால் காலமெல்லாம் ஒரு வேகத்தடை கொடுத்த பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு திரிய வேண்டும். கணக்கு டீச்சர் அவர். தப்பான விடைக்கு யார் மார்க் போட்டாலும் அவருக்கு வயிறு எரியும்.

ராஜராஜனிடம் போய்ச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, வேகத்தடைய எந்த அத்தியாயத்துல வைப்பீங்க? மூணுலயா, நாலுலயா?"

"தெரியல சார்."

"அப்பறம் என்ன? பைண்டிங் ஆயிடுச்சு. தங்க எழுத்தும் போட்டாச்சு. பேசாம போயிட்டு வாங்க."

தேர்வு நாளன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தேவயானி மேடம். இருபத்தெட்டு வருட சர்வீஸ், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். மதிப்பெண் தாள் அவர் கைக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்தது. ஆய்வேட்டைப் புரட்டி நூற்று அறுபத்து மூன்றில் விரலை வைத்தார்.

"இது எனக்கு நம்பற மாதிரியே இல்லையேம்மா. நம்ம ஆளுங்க இவ்வளவு வெளிப்படையா சொல்லவே மாட்டாங்களே. எப்படி எடுத்தீங்க?"

"வாசிச்சேன் மேடம். அவங்க டிக் போட்டாங்க."

"எங்க, எனக்கு வாசிங்க. நானும் போடுறேன்."

ராஜராஜன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். வெற்றிச்செல்வி பையிலிருந்து அட்டை, படிவம், நூலில் கட்டிய பேனா மூன்றையும் எடுத்து வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். தேவயானி மேடம் ஒன்றிலிருந்து பதினாறு வரை, நடுக்கட்டத்திலேயே ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பதினேழு. 'இந்த வேலையை விட்டுவிடலாம் என்று எனக்குத் தினமும் தோன்றுகிறது.'"

பேனா தாளைத் தொட்டது. வெற்றிச்செல்வி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு தூக்குத் தூக்கிப் போட்டார்.

தண்ணீர் பாட்டில் உருண்டது. மெரூன் ஆய்வேடு ஒன்று கீழே விழுந்தது. டிக்கின் வால் ஐந்தாவது கட்டம் வரை ஓடி நின்றது.

"இதான் மேடம்" என்றார் வெற்றிச்செல்வி. "வேகத்தடை. செந்துறை ரோட்டுல இருக்கு. எல்லாருக்கும் இப்படித்தான் விழுந்துச்சு. நின்ன பஸ்ல கேட்டா, பன்னெண்டு பேரும் கருத்து இல்லைன்னுட்டாங்க. என் தப்புதான்."

ராஜராஜன் கண்ணை மூடிக்கொண்டார். வெற்றிச்செல்வி பையைத் துழாவி, எப்போதும் கூடவே வைத்திருக்கும் ஒயிட்னரை எடுத்து மேடத்தின் முன்னால் வைத்தார்.

"அழிச்சிட்டு, சரியானதைப் போட்டுக்கங்க மேடம்."

தேவயானி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு பதினேழாவது கூற்றைத் தாமே ஒருமுறை, உதடு அசைய, மெதுவாக வாசித்தார். டிக்கின் வாலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அதே விரலால் ஒயிட்னரை வெற்றிச்செல்வியின் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

வெற்றிச்செல்வி அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு கை இன்னும் மேசை விளிம்பைப் பிடித்திருக்க, மறு கையால் தாளை எடுத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினெட்டு" என்றார்.