காலை மாத்திரையும் கழுத்துக் கருவியும்

2014-ஆம் ஆண்டு, ஆனி மாதம். எங்கள் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்கள் ஊர் இனயத்தில் மீன் வரத்து குறைந்திருந்ததால் சந்தைக்குப் போகாமல், மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. மீன் விற்கிறவள். பத்தாம் வகுப்பு வரை படித்ததால் இதை நானே எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்த அழுத்தம் எனக்கு அடங்கவே இல்லை. பத்து வருடமாக இதே பாடு. ஒரு மாத்திரையில் ஆரம்பித்து ஐந்தில் வந்து நின்றது. தக்கலையில் பார்த்தேன், நாகர்கோவிலில் பார்த்தேன். போன இடமெல்லாம் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, எண்ணைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். கடற்கரையில் பிறந்தவளைப் பார்த்துக் கருவாட்டை விடு என்றார்கள். அதையும் விட்டேன். சிறுநீரகம் கெட ஆரம்பித்துவிட்டது என்று சொன்னபோது எனக்குப் பயம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

கல்ஃபில் இருக்கும் என் தம்பிதான் இந்தக் கருவியைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டுப் போனில் சொன்னான். திருவனந்தபுரத்து டாக்டரும் அதை விளக்கினார். கழுத்தில் ஓடும் ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கம்பி வைப்பார்களாம். நெஞ்சில் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அது நரம்புக்கு லேசாகக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், மூளை அதைப் புரிந்துகொண்டு அழுத்தத்தை இறக்கும். வெளிநாட்டில் வைக்கிறார்கள், எந்த மாத்திரைக்கும் அடங்காத சிலருக்கு இங்கேயும் வைத்துப் பார்க்கப் போகிறோம் என்றார். மாத்திரையையும் தொடர வேண்டும் என்று அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. கழுத்தை வெட்டினாலும் பரவாயில்லை, இனி மாத்திரைத் தொல்லை தீர்ந்தது என்று தலையாட்டினேன்.

ஏன் என்றால், டாக்டர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஐந்து மாத்திரையில் காலையில் சாப்பிட வேண்டிய நான்கையும் நான் சாப்பிடுவதே இல்லை.

அதில் ஒன்று நீர் பிரிய வைக்கிற மாத்திரை. விழுங்கிய ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். நானோ விடியுமுன் கரையில் மீன் எடுத்து, இரண்டு பஸ் மாறிச் சந்தையில் போய் உட்கார்ந்தால் வீடு திரும்ப மதியம் இரண்டு மணி. நாங்கள் உட்காரும் சந்தையில் கழிப்பறை என்று ஒரு கதவு இருந்தது, அதில் ஒரு பூட்டும் இருந்தது. ஆண்களுக்கு மதில் இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது? ஆரம்பத்தில் சந்தையை ஒட்டிய ஒரு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். மீன் நாற்றம் என்று அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டார். ஒருநாள் அடக்க முடியாமல், உட்கார்ந்த இடத்திலேயே சேலை நனைந்துவிட்டது. ஆட்கள் விலை கேட்டு நிற்கிறார்கள். சட்டென்று மீன்பெட்டியில் ஐஸ் உருகிக் கிடந்த தண்ணீரை மடியில் கவிழ்த்துக்கொண்டு, கை தவறிவிட்டது என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசும்.

மறுநாளிலிருந்து காலை மாத்திரைகள் சந்தை ஓடையில் போயின. அவற்றில் எது அந்த மாத்திரை என்று தெரியாததால் எல்லாவற்றையும் போட்டேன். ராத்திரி மாத்திரையை மட்டும் சாப்பிட்டேன். அழுத்தம் ஏறியது, டாக்டர்கள் மாத்திரையைக் கூட்டினார்கள், கூட்டியதும் ஓடைக்குப் போனது. என் மகள் தினமும் பொறுப்பாகச் சந்தைக்கென்று ஒரு சின்னப் பெட்டியில் மாத்திரைகளை எடுத்து வைப்பாள். காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நிபந்தனை இருந்தது. கருவி வைக்குமுன் நான்கு நாள் படுக்க வைத்து, எல்லா மாத்திரையையும் நர்ஸ் கையாலேயே கொடுப்பார்கள். அதற்கும் இறங்காவிட்டால்தான் ஆப்பரேஷன். பத்து வருடம் இறங்காதது நான்கு நாளிலா இறங்கும் என்று நான் துணிந்திருந்தேன். நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டிலுக்குப் போவாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கழிப்பறை. எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம் என்பதே எனக்கு ஒரு சுகமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, கழிப்பறைக் கதவைத் திறந்து வெளியே வந்தவள் கண் இருட்டி விழுந்துவிட்டேன். பார்த்தால் அழுத்தம் தரையில் கிடக்கிறது. டாக்டர் ஓடி வந்தார். மாத்திரையை நிறுத்தி டிரிப் ஏற்றினார்கள். "வீட்டிலும் இதே மாத்திரைதானே?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள்.

"நானாக்கும் டாக்டர் எடுத்து வைக்கது. ஒண்ணு விடாம தின்னும் எங்கம்மா."

எனக்காக அவள் அடித்துச் சொன்னபோது, செத்துப்போனால் என்ன என்று தோன்றியது.

அவள் கஞ்சி வாங்கப் போன நேரத்தில் நர்ஸ் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்துக் கருங்கல் ஊர்ப் பெண்.

"அக்கா, மகளுக்க முன்னால கேக்காண்டாம்னு இருந்தேன். நேரே சொல்லுங்க, காலத்த நாலு குளிகையும் வீட்டுல தின்னியளா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் எழுந்து போகவில்லை.

"பிள்ளே, சந்தையில ஒண்ணுக்குப் போவ எடம் இல்ல" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "எங்களுக்கும் டூட்டியில அதே கததான் அக்கா. வெள்ளமே குடிக்கமாட்டோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் சொல்லிவிட்டாள் போல, சாயங்காலம் டாக்டர் வந்து மலையாளமும் தமிழும் கலந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். சந்தை முடிந்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள்? பத்து வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இரண்டு மணி என்றேன். சீட்டில் 'காலை' என்பதை அடித்துவிட்டு 'மதியம் 2' என்று எழுதினார். ஐந்து மாத்திரை மூன்றாகக் குறைந்தது. கழுத்தில் கத்தி படவில்லை.

மகளிடம் நானே சொன்னேன். திரும்பி வரும் பஸ்ஸில் களியக்காவிளை தாண்டும்போது, "பெட்டி காலியா இருக்கத பாத்து டெய்லி சந்தோசப்பட்டேனே அம்மா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போதும் சந்தைக்குப் போகிறேன். வந்ததும் சோறு, சோற்றுக்குப் பின்னால் மாத்திரை. அழுத்தம் அடங்கித்தான் இருக்கிறது. கெட்ட சிறுநீரகம் மட்டும் பழையபடி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஒண்ணுக்குப் போக இடமில்லை என்று முதல் டாக்டரிடமே சொல்லியிருந்தால் அதுவும் தப்பியிருக்குமே என்கிற நினைப்பு எழும்போதெல்லாம், எந்த மாத்திரைக்கும் இறங்காத பாரம் ஒன்று இன்னும் என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.