காப்போடு எல்லை தாண்டி வந்த அண்ணன்

பெரியசாமியை நம்பும் சொந்தங்களே, செத்துப் பிழைத்தவள் பேசுகிறேன். கொஞ்சம் காது கொடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மிளகு பறிக்கும்போது மயங்கிச் சரிந்தேன். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றினால் பிழைக்கலாம், ஆனால் எல்லாருக்கும் அது கைகொடுப்பதில்லை என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். என் அண்ணனுடையது பொருந்தியது. நாள் குறித்த பிறகு அவர் மலைமேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டுக்குத் திரும்பினார்.

என்னைக் கண்ணாடி அறையில் தனியாக அடைத்தார்கள். ஜன்னல் திறக்காது. பூவோ திருநீறோ உள்ளே வரக்கூடாது. பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்து ஏற ஆரம்பித்தது. இனி அண்ணன் வந்தால்தான் உயிர்.

அப்போதுதான் அவர் போனில் அழுதார். "கண்ணு, உனக்காவத்தான் சாமிக்குக் காப்புக் கட்டுனேன். நோம்பி முடிஞ்சதும் வந்தர்லாம்னு நெனச்சேன். ஊர்ல ஒரு சாவு உழுந்து நோம்பியே தள்ளிப் போச்சு."

காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா? எனக்காகச் செய்த வேண்டுதலே என் கழுத்தை நெரித்தது. நான் அறைக்குள், அவர் எல்லைக்குள். கயிற்றை அறுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கும் பயம். கண்ணாடிக்கு வெளியே என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் கோவிலில் சாமி மேல் பூ வைத்து உத்தரவு கேட்டார். வலப்பக்கம் விழுந்தால் போகலாம். பூ அசையவே இல்லை என்று தகவல் வந்தது.

அன்று சாமியோடு சண்டையே போட்டேன். "எங்கண்ணனப் புடிச்சு வெச்சுக்கிட்டு என்னைய எப்படிய்யா காப்பாத்துவ? உட்டுரு. இல்லாட்டி நீயும் கூட வா!" அழுதபடியே தூங்கிப்போனேன்.

காலையில் போன். "வலப்பக்கம் உழுந்துருச்சு கண்ணு! காப்ப அவுக்காத, சாமியும் கூட வரட்டும்னு பூசாரி சொல்லீட்டாரு. செம்மேட்டுல பஸ் ஏறிட்டேன், வாரேன்."

நான் கேட்டதையே பூசாரி சொல்லியிருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. படுத்தபடியே கும்பிட்டேன். அவருக்கு ஊசி போட்டு, செல்லைப் பிரித்து எனக்கு ஏற்றினார்கள். பிறகும் காய்ச்சல், வாய்ப்புண் என்று அந்த அறை என்னை விடவில்லை. ஒருநாள் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். "உங்க அண்ணன் செல் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சும்மா."

இன்றும் மாத்திரை உண்டு, பரிசோதனை உண்டு. பக்கத்து அறையில் இருந்தவர் வீடு திரும்பவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியாது. மருந்தை நிறுத்திவிட்டுச் சாமியைக் கும்பிடுங்கள் என்று சொல்லவும் மாட்டேன். வழியே இல்லை என்று தோன்றும்போது அவரிடம் சண்டையாவது போடுங்கள். காது கேட்கிற சாமிதான் அவர்.

இந்த வருடத் திருவிழாவுக்கு அண்ணனோடு நானும் காப்புக் கட்டினேன். ஊர் எல்லை வரை மெதுவாக நடந்தேன். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தாண்டாமல் வீட்டுக்குத் திரும்பினேன். ஒரு எல்லைக்குள் இருப்பதில் இத்தனை சந்தோஷமா என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.