உஸ்மானின் வாளும் அப்பாவின் பெல்ட்டும்

அப்பாவின் பெல்ட் இன்னும் தம்பியின் குவார்ட்டர்ஸில், கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. தடித்த தோல், கரி ஏறிக் கறுத்த பக்கிள். அங்கே போனால் என் கண் முதலில் அதன்மேல்தான் விழும். அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளாது.

அப்பா நிலக்கரி மைன்ஸில் சர்வீஸில் இருக்கும்போதே இறந்தார். வாரிசு வேலை ஒன்று. பிள்ளைகளோ அண்ணன், தம்பி என்று இரண்டு பேர், நடுவில் நான். அண்ணன் அதே மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்தான், கல்யாணமானவன், பர்மனென்டுக்காக ஏங்கியவன். தம்பி எதிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். வேலை தம்பிக்குப் போகவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அண்ணனிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த நாட்களில் பார்த்துத்தானா அண்ணனுக்குத் துருக்கி சுல்தான்கள் மேல் பைத்தியம் பிடிக்கவேண்டும்! லைப்ரரியில் எடுத்த தடிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பான். எல்லையோரத்தில் ஒரு சின்னக் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தவன் உஸ்மான். அவன் வம்சம் மூன்று கண்டங்களில் அறுநூறு வருஷம் ஆண்டது. முடிசூட்டுவது கிடையாதாம், உஸ்மானின் வாளை இடுப்பில் கட்டிவிடுவார்களாம். ஒருவன் சுல்தான் ஆனால், கூடப்பிறந்தவர்களை நாண்கயிற்றால் நெரித்துக் கொன்றுவிடுகிற வழக்கமும் இருந்ததாம். "ராஜ ரத்தம் கீழ சிந்தக் கூடாதுல்ல, அதான் கயிறு," என்பான், ரசத்தை ஊற்றிக்கொண்டே. தம்பி தலை நிமிராமல் சாப்பிடுவான்.

"எப்ப பாரு தம்பிய கொன்னான், தம்பிய கொன்னான்னு சொல்லிகினே இருக்கான்டி. நமக்குத்தான் ஜாடையா சொல்றானோ?" என்று அம்மா என்னிடம் முணுமுணுப்பாள். எனக்கும் அதே பயம். ஷிப்ட் சங்கு ஊதினாலே, அண்ணன் வந்துவிடுவான் என்று வாசலைப் பார்ப்பேன்.

ஒரு நாள் அண்ணன் தன் பாட்டுக்கு ஆபீஸுக்குப் போய், வேலையைத் தம்பிக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தான். அம்மா அழுதாள். தம்பி முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய காலையில், அப்பாவின் பெல்ட்டை அவன் இடுப்பில் அண்ணனே கட்டிவிட்டான்.

"இனிமே நீதான்டா சுல்தான்."

"அப்ப நீ, அண்ணே?"

"எனக்குக் கயிறுதான்," என்று சிரித்தான். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரமே பக்கத்தில் குறிஞ்சிப்பாடியில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு அண்ணியோடு போய்விட்டான். இன்றும் கான்ட்ராக்ட்தான்.

இன்று மதியம் தம்பி வீட்டுக்குப் போனபோது அந்த பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அப்பாவுக்குத் தொப்பை, அண்ணனுக்கும் அப்படித்தான். அவர்களுக்குத் தேவையே இல்லாத இடத்தில், சுட்ட ஆணியால் போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அந்த நாளில் தம்பி ஒல்லி.

"இது எப்படா போட்டது?"

"அப்பா காரியம் முடிஞ்ச மறுநாளு அண்ணன் ஆணிய காய்ச்சிகினு இருந்துச்சு. ஏன்னு நான் கேக்கல."

காரியம் முடிந்த கையோடு வேலை தம்பிக்கு என்று அண்ணன் முடிவு செய்துவிட்டான். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் வெறும் கதை. கேட்டு நடுங்கியது நாங்கள்.

பெல்ட்டை மறுபடி மாட்டினேன். ஷிப்ட் சங்கு ஊதியது. இந்நேரம் அண்ணன் கான்ட்ராக்ட் ஆட்களோடு கேட்டில் வரிசையில் நிற்பான். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுப் பக்கம் கிளம்பிவிட்டேன்.