முதலில் நின்ற தூண்

பார்த்தோம் என்கிறீர்கள். பட்டப்பகலில் என் மருமகன் அந்தச் சித்தாள் வீட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தோம் என்கிறீர்கள். போனார்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. எதற்குப் போனார் என்று மட்டும் ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு கதையைக் கட்டி, அதற்குக் கூரையும் போட்டுவிட்டீர்கள்.

என் மருமகன் மேஸ்திரி. இந்தத் தெருவில் பாதி வீடு அவர் கை பட்டதுதான். அவர் வழக்கப்படி முதலில் செங்கல் சுவர் எழும்பும். தூண் வரவேண்டிய இடத்தில் கம்பி மட்டும் கட்டி நிற்கும். அதை ஒட்டிய சுவர் ஓரத்தை, ஒரு கல் வெளியே ஒரு கல் உள்ளே என்று பல் மாதிரி விடுவார். பிறகு முன்னும் பின்னும் பலகை அடித்து நடுவே கான்கிரீட் ஊற்றுவார். அது பல்லுக்குள் பாய்ந்து இறுகிவிடும். அப்புறம் சுவரையும் தூணையும் யாரும் பிரிக்க முடியாது.

தையல்காரருக்குப் புது வீடு கட்டும்போதுதான் புத்தி மாறியது. அடுத்த தெருவில் ஒரு பெரிய கட்டடம். அங்கே தூண்களெல்லாம் முதலிலேயே நெடுநெடுவென்று நின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்த தையல்காரர், "நம்ம வீட்டுக்கும் தூண்தான் முதல்ல நிக்கணும் மேஸ்திரி. பழக்கமில்லைன்னா சொல்லிடுங்க" என்றார்.

இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தூணை முதலில் நிறுத்துவது தப்பில்லை. ஆனால் பின்னால் வரும் சுவரைப் பிடித்துக்கொள்ள, தூணிலிருந்து சின்னச் சின்னக் கம்பி நீட்டி வைக்க வேண்டும். அதற்குப் பலகையில் ஓட்டை போட வேண்டும். பலகையோ இரவல், கொடுத்தவர் ஓட்டை விழக்கூடாது என்று சொல்லியிருந்தார். இவர் கம்பி நீட்டாமலே ஊற்றிவிட்டார். கலவையே பிடித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாராம்.

கலவை போட்டவள் அந்தச் சித்தாள். "கம்பி நீட்டலையாண்ணே?" என்று ஒரு தரம் கேட்டிருக்கிறாள். நீ மேஸ்திரி ஆனதும் நீட்டு என்று இவர் சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவளும்தான்.

பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு பெருங்காற்று அடித்தது. மறுநாள் பார்த்தால் தூணுக்கும் சுவருக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை வெளிச்சம் கோடு போட்டிருந்தது. தையல்காரர் மனைவி உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், சுவர் ஆடியது. கலவையில் சிமெண்ட் குறைந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். எல்லார் கண்ணும் சித்தாள் பக்கம் திரும்பியது. அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி தன் காலைப் பார்த்தார். அவள் தொட்டியில் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டாள். சிமெண்ட் திருடி என்ற பேர் அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. அப்புறம் அவளை வேலைக்குக் கூப்பிட ஆளில்லை.

இவரும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் என்றார். என் மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கேட்ட எனக்கே உடம்பெல்லாம் கூசியது. பெண்ணைக் கொடுத்தவள் இல்லையா?

"இனிமே எப்படி அத்தை வெளியில தலைகாட்டுவேன்?"

"இருக்கறது ஒரு தலைதானே மாப்பிள்ளை, அதைத்தான் காட்டணும். சாப்பிட்டுட்டுக் காட்டுங்க" என்றேன். தட்டை வைத்துவிட்டு நகரவில்லை.

பாதிதான் சாப்பிட்டார். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டார். அந்தச் சுவரை இடித்து மறுபடி கட்டத்தான். வாசலில் வந்து நின்றார். வலப்பக்கம் தையல்காரர் வீடு. இடப்பக்கம், குழாயடி தாண்டி, சித்தாள் வீடு. குழாயடியில் நீங்கள் எல்லாரும் குடத்தோடு நின்றுகொண்டிருந்தீர்கள்.

"அவளையும் கூட்டிட்டுப் போய், அவ முன்னாலதான் தையல்காரர்கிட்ட சொல்லணும்" என்றார்.

படியிறங்கி இடப்பக்கம் திரும்பினார்.